இடுப்பெலும்பு சொன்ன செய்தி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

"இடுப்பு ஒடிய வேலை செய்தேன்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். தண்ணீர்க் குடம் ஏறுவது இடுப்பில். குழந்தை ஏறுவதும் இடுப்பில். வேட்டியும் புடவையும் நிற்பது இடுப்பில். இவ்வளவு வேலை செய்யும் அந்த இடுப்புக்குள் என்னதான் இருக்கிறது? சென்ற ஆண்டு யாராவது என்னை இப்படிக் கேட்டிருந்தால், "எலும்பு" என்ற ஒரு சொல்லோடு என் விடை முடிந்திருக்கும்.

எங்கள் விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் மூலையில், கண்ணாடி அலமாரிக்குள் ஒரு மனித எலும்புக்கூடு நிற்கிறது. எங்களுக்கு முன் படித்த அண்ணன்மார் அதற்குப் "பயில்வான்" என்று பெயர் சூட்டிப் போயிருந்தார்கள். ஒரு நாள் எங்கள் பேராசிரியர் அம்மையார், அருகிலிருந்த பெட்டியிலிருந்து தனி இடுப்பெலும்பு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார். எங்கே வழவழப்பு, எங்கே கரடு என்று சொல்" என்றார். சில இடங்கள் பீங்கான் போல வழவழவென்று இருந்தன. சில இடங்கள் மரப்பட்டை போலச் சொரசொரத்தன. "கரடாக இருக்கும் இடமெல்லாம் ஏதோ ஒன்று பிடித்து இழுத்த இடம். தசை போய்விட்டது, அதன் முகவரி எலும்பில் நிற்கிறது" என்றார். அந்த முகவரிகளைத் தேடிப் போனதன் பயனே இக்கட்டுரை. அந்தத் தேடல் என்னை என் வீட்டுத் திண்ணைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று அன்று எனக்குத் தெரியாது.

மூன்று சேர்ந்து ஒன்று

இடுப்பு வளையம் என்பது ஒரே எலும்பன்று. வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என இரண்டு இடுப்பெலும்புகள். இவ்விரண்டும் முன்பக்கம் ஒரு குருத்தெலும்பு இணைப்பில் கைகோக்கின்றன. பின்பக்கம் இவற்றுக்கு நடுவே ஆப்பு அடித்தாற்போல் சேக்ரம் என்னும் எலும்பு அமர்ந்திருக்கிறது. ஐந்து முதுகெலும்புகள் ஒன்றாகி உருவானது அது. அதன் நுனியில் சிறிய வால் எலும்பு. இவையெல்லாம் சேர்ந்து அடியில்லாத ஒரு சட்டியைப் போல் அமைந்திருக்கின்றன. தலை, கை, மார்பு, வயிறு ஆகியவற்றின் பாரம் முழுவதும் முதுகெலும்பின் வழியே சேக்ரத்துக்கு வந்து, அங்கே இரண்டாகப் பிரிந்து இரு கால்களுக்கும் இறங்குகிறது.

ஒவ்வோர் இடுப்பெலும்பும் பிறக்கும்போது மூன்று தனித்தனி எலும்புகளாக இருக்கிறது. மேலே விசிறி போல் விரிந்தது இலியம். கீழே பின்புறம் தடித்தது இஸ்கியம். முன்புறம் இருப்பது பியூபிஸ். மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் தொடையெலும்பின் தலை பொருந்தும் குழி உள்ளது. அதன் பெயர் அசிட்டாபுலம். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குக் காடி வைக்கும் சிறு கிண்ணம் என்று பொருள். பதினைந்து வயதையொட்டி இம்மூன்றும் அக்கிண்ணத்தில் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. ஆயினும் இலியத்தின் மேல் விளிம்பு முழுதும் எலும்பாகிச் சேர்வதற்கு இருபது வயதுக்கு மேலும் ஆகலாம். எனக்கு இப்போது வயது 20. இதை எழுதும்போதுகூட என் இடுப்பெலும்பின் வேலை முடிந்திருக்காது என்று நினைக்க வேடிக்கையாக இருக்கிறது!

பழைய இலத்தீன் நூல்களில் இந்த எலும்புக்குப் "பெயரில்லாத எலும்பு" என்றே பெயர். மற்ற எலும்புகளை எதனோடாவது ஒப்பிட்டுப் பெயர் வைத்தவர்களுக்கு, இந்த முறுக்கிய வடிவத்துக்கு ஒப்பு ஒன்றும் கிட்டவில்லை போலும்.

மேல் விளிம்பும் தையற்காரத் தசையும்

வாசகர்கள் இருந்த இடத்திலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரு கைகளையும் இடுப்பில் ஊன்றுங்கள். கைக்கு அகப்படும் வளைந்த விளிம்புதான் இலியத்தின் முகடு. குடமும் குழந்தையும் அமரும் திண்ணை இதுவே. இரு பக்க முகடுகளின் உச்சியையும் இணைத்து முதுகில் ஒரு கோடு போட்டால், அது ஏறத்தாழ நான்காவது இடுப்பு முள்ளெலும்பின் மேல் செல்லும். அறுவைச் சிகிச்சைக்கு முன் முதுகில் மயக்க ஊசி போடும் மருத்துவர்கள் இக்கோட்டை வைத்தே இடத்தைக் கணிக்கிறார்கள்.

வயிற்றுச் சுவரின் மூன்று அடுக்குத் தசைகளும் இம்முகட்டில் வந்து பற்றுகின்றன. முதுகின் அகன்ற தசையான லாட்டிசிமஸ் டார்சையின் ஒரு பகுதி இங்கிருந்து புறப்பட்டு மேற்கை எலும்புவரை போகிறது. கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது கைதான் இழுக்கிறது என்று நினைக்கிறோம். இழுக்கும் தசைகளுள் ஒன்றின் வேர் இடுப்பில் இருக்கிறது!

முகட்டின் வழியே விரலை முன்னோக்கி நகர்த்தினால் ஒரு முண்டு தட்டுப்படும். அங்கிருந்து புறப்படுவது சார்ட்டோரியஸ். மனித உடலிலேயே மிக நீளமான தசை இது. தொடையின் குறுக்கே நாடா போல் இறங்கி, முழங்காலுக்குக் கீழே கணைக்காலெலும்பின் உட்புறத்தில் சேர்கிறது. தொடையை மடக்கி, வெளிப்புறமாகத் திருப்பி, முழங்காலையும் மடக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. இம்மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? சம்மணம்! அக்காலத் தையற்காரர்கள் சம்மணமிட்டு அமர்ந்து தைத்ததால், தையற்காரரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து இத்தசைக்குப் பெயர் வந்தது. இதைப் படித்தபோது என் அத்தையின் நினைவு வந்தது. அத்தையும் தையற்காரர். அவரைப் பற்றிப் பின்னர் கூறுகிறேன்.

இலியத்தின் உட்புறக் குழிவில் இலியாக்கஸ் என்ற தசை படர்ந்திருக்கிறது. முதுகெலும்பிலிருந்து இறங்கும் சோவாஸ் தசையோடு கூடி, தொடையெலும்பின் உட்புறச் சிறு முண்டில் சேர்கிறது. படியேறக் காலைத் தூக்குவது இவ்விரண்டின் கூட்டு முயற்சியே.

உட்காரும் எலும்பு

பெஞ்சில் நீண்ட நேரம் அமர்ந்தால் அடியில் இரண்டு இடங்கள் வலிப்பதை மாணவர்களாகிய நாம் நன்கு அறிவோம். அவை இஸ்கியத்தின் புடைப்புகள். நம் உடலைத் தாங்கும் அதே புடைப்புகளில்தான் தொடையின் பின்புறத் தசைகளும் தொடங்குகின்றன. ஓட்டப் பந்தயத்தில் "தொடை பிடித்துக்கொண்டது" என்று விளையாட்டு வீரர்கள் நொண்டுவது பெரும்பாலும் இத்தசைகள் கிழிவதால்தான்.

முன்புறப் பியூபிஸில் வயிற்றின் நேர்த்தசை மேலிருந்து வந்து பற்றுகிறது. கால்களை உள்நோக்கி இழுக்கும் தொடைத் தசைகள் அங்கிருந்து கீழே புறப்படுகின்றன. பியூபிஸுக்கும் இஸ்கியத்துக்கும் இடையே ஒரு பெரிய துளை உண்டு. துளை என்று பெயரே தவிர, உயிருள்ள உடலில் அதை ஒரு சவ்வு ஏறக்குறைய முழுவதும் மூடியிருக்கிறது. அச்சவ்வின் உட்புறம் ஒரு தசையும் வெளிப்புறம் ஒரு தசையும் ஒட்டியிருக்கின்றன. எலும்பைக் குறைத்து எடையைக் குறைத்த இடத்திலும், தசைக்கு இடம் தர இயற்கை மறக்கவில்லை.

வால் போன பின்பு

அடியில்லாத சட்டி என்றேனே, அதற்கு அடி எது? லெவேட்டர் ஏனை, காக்சிஜியஸ் என்னும் தசைகள் தொட்டில் துணி போலக் குறுக்கே கட்டப்பட்டிருக்கின்றன. வாலுள்ள பாலூட்டிகளில் இவற்றுக்கு இணையான தசைகள் வாலை அசைக்கவும் தாழ்த்தவும் பயன்படுகின்றன. நாய் வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மனிதனுக்கு வால் போயிற்று. நிமிர்ந்து நின்றதால் உள்ளுறுப்புகளின் பாரம் கீழே இறங்கிற்று. வால் ஆட்டிய தசைகள் இன்று சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்குகின்றன. பிரசவத்துக்குப் பின் இவை தளர்ந்து துன்புறும் தாய்மார்கள் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. தசை தளர்ந்ததில் வெட்கத்துக்கு என்ன இருக்கிறது? இத்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியால் பலருக்கு நிவாரணம் கிடைக்கிறது.

பிரசவம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தையின் தலை இந்த எலும்பு வளையத்தின் வழியே வெளிவர வேண்டியிருப்பதால் பெண்ணின் இடுப்பு வளையம் அகன்றது. முன்புறம் பியூபிஸ் இரண்டும் சேரும் இடத்தின் கீழே உள்ள கோணத்தைப் பாருங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்தால் வரும் கோணம் என்றால் பெரும்பாலும் பெண். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடைப்பட்ட கோணம் என்றால் ஆண். இதைப் படித்த மறுநாள் அலமாரியைத் திறந்து பார்த்தோம். எங்கள் "பயில்வான்" ஒரு பெண்! இத்தனை ஆண்டுகளாக ஒரு தாயையோ தமக்கையையோ கேலிப் பெயரிட்டு அழைத்திருக்கிறோம். அன்றிலிருந்து அப்பெயரை விட்டுவிட்டோம்.

ஒற்றைக் காலில் நிற்கும் வித்தை

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். இலியத்தின் வெளிப்புறத்தில் மூன்று மெல்லிய வளைகோடுகள் உண்டு. அவை மூன்று புட்டத் தசைகளின் எல்லைக் கோடுகள். பின்கோட்டுக்குப் பின்னால் பெரிய தசையான குளூட்டியஸ் மாக்சிமஸ். நடுவில் குளூட்டியஸ் மீடியஸ். அதற்கு முன்னும் கீழுமாகச் சிறிய குளூட்டியஸ் மினிமஸ்.

உட்கார்ந்து எழவும் மேடேறவும் உதவுவது பெரிய தசை. இதனடியில்தான் விரல் பருமனுள்ள சயாட்டிக் நரம்பு காலுக்கு இறங்குகிறது. இந்தப் பகுதியில் ஊசி போடும் செவிலியர் மேற்புற வெளிமூலையைத் தேர்ந்தெடுப்பது அந்த நரம்பைத் தவிர்ப்பதற்காகவே.

நடுத்தசையும் சிறு தசையும் தொடையெலும்பின் வெளிப்புறப் பெரிய முண்டில் சேர்கின்றன. அதற்குப் பெரிய ட்ரோகாண்டர் என்று பெயர். ஒருக்களித்துப் படுத்தால் பாயில் அழுந்தும் முண்டு அதுதான். இத்தசைகள் காலைப் பக்கவாட்டில் விரிக்கும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் நாம் நாள்தோறும் எத்தனை முறை காலைப் பக்கவாட்டில் விரிக்கிறோம்? அவற்றின் உண்மையான வேலை வேறு. நடக்கும்போது ஒரு காலைத் தூக்கி வைக்கும் நேரமெல்லாம் உடல் மற்றொரு காலின்மேல்தான் நிற்கிறது. இடக்காலில் நிற்பதாகக் கொள்வோம். வலப்பக்கத்துக்கு ஊன்றுதல் இல்லை. இடுப்பு வலப்பக்கம் சாய்ந்துவிட வேண்டும். ஏன் சாயவில்லை? இடப்பக்க நடுத்தசையும் சிறு தசையும் இலியத்தை இடப்பக்கமாகக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிப்பதால்தான்.

இதைத் தராசு போல எண்ணிப் பார்க்கலாம். இடுப்பு மூட்டே தராசின் நடுமுள். ஒரு பக்கம் உடலின் பாரம். மறுபக்கம் தசையின் இழுப்பு. ஆனால் இரு கைகளும் சம நீளமில்லை. உடல் பாரம் மூட்டிலிருந்து இருக்கும் தூரம், தசை இருக்கும் தூரத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊன்றிய காலின் எடையைக் கழித்தால் மூட்டின் மேல் சுமார் 50 கிலோ. அதைச் சமன் செய்ய, பாதித் தூரத்தில் இருக்கும் தசை சுமார் 100 கிலோ அளவு இழுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து மூட்டின்மேல் விழுவது 150 கிலோ. அதாவது உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு! நாம் சாவகாசமாகக் கடைவீதிக்கு நடந்து போகும்போதே ஒவ்வோர் அடியிலும் இது நிகழ்கிறது.

சிம்பன்சியின் இலியம் நீண்டு, தட்டையாகப் பின்னோக்கி இருக்கிறது. ஆகவே அதன் நடுத்தசை பக்கவாட்டில் பிடிக்க வழியில்லை. இரண்டு காலில் நடந்தால் அது இப்புறமும் அப்புறமும் ஆடி ஆடித்தான் நடக்கிறது. மனிதனின் இலியமோ குட்டையாகி, அகன்று, பக்கவாட்டில் வளைந்தது. 1974ஆம் ஆண்டு எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட "லூசி" என்னும் புதைபடிவம் சுமார் 32 இலட்சம் ஆண்டுப் பழைமையானது. அதன் இலியம் நம்முடையதைப் போலவே குட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறது. மூளை பெரிதாவதற்கு வெகுகாலம் முன்பே இடுப்பு மாறிவிட்டது!

அத்தையின் நடை

இந்த நடுத்தசை வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும்? இதற்கு விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது.

என் அத்தை, அதாவது என் தந்தையின் அக்கா, இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதக் காய்ச்சல் கண்டவர். போலியோ வைரஸ் தசையைத் தொடுவதில்லை. தண்டுவடத்தின் முன்பகுதியில் இருந்து தசைகளுக்கு ஆணையிடும் நரம்பணுக்களை அழிக்கிறது. ஆணை வராத தசை சூம்பிப் போகிறது. அத்தைக்கு அப்படிச் சூம்பியவற்றுள் இடப்புற இடுப்பின் நடுத்தசையும் ஒன்று. இடக்காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பை இடப்பக்கம் நன்றாகச் சாய்த்துத்தான் அவர் அடுத்த அடியை எடுத்து வைப்பார்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா செங்கல் சூளைக் கூலி. கல்லூரிக்கு நான் கட்டிய முதல் கட்டணம், அத்தை ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துச் சேர்த்த பணம். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டும். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, மறந்துவிட்டு வந்த சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு அத்தை பள்ளிக்கு வந்தார். சில பையன்கள் அவர் பின்னாலேயே சாய்ந்து சாய்ந்து நடந்து காட்டினார்கள். "யாருடா அது?" என்று ஒருவன் கேட்டான். "எங்க தெருக்காரங்க" என்றேன் நான்.

ஜெர்மனி நாட்டு அறுவை மருத்துவர் ஃபிரெட்ரிக் ட்ரெண்டலன்பர்க் 1895ஆம் ஆண்டு ஓர் எளிய சோதனையை விளக்கினார். நோயாளியை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்ல வேண்டும். ஊன்றிய காலின் நடுத்தசை நன்றாக இருந்தால் எதிர்ப்பக்க இடுப்பு சமமாக நிற்கும், அல்லது சற்று உயரும். தசை பலவீனமாக இருந்தால் எதிர்ப்பக்கம் தொங்கும். அப்படித் தொங்கிக் கீழே விழாதிருக்க உடல் ஓர் உபாயம் செய்கிறது. நடு உடம்பை ஊன்றிய காலின் பக்கமே சாய்த்து, பாரத்தை மூட்டுக்கு நேர் மேலே கொண்டுவந்துவிடுகிறது. பாரத்தின் தூரம் குறைந்தால் தசைக்கு வேலையும் குறைகிறது. தராசுக் கணக்குத்தான்!

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நாங்கள் நொண்டல் என்று எண்ணியது, இல்லாத தசையின் வேலையை உடம்பு வேறு வழியில் செய்து முடித்த நடை. எந்தப் புத்தகமும் படிக்காமல், ஐந்தாறு வயதிலேயே அத்தை தானாகக் கண்டுபிடித்த இயந்திரவியல் அது.

கம்பு எந்தக் கையில்?

பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்றபோது கவனித்தேன். அத்தை கம்பை இடக்கையில், அதாவது பலவீனமான பக்கத்துக் கையில், பிடித்திருந்தார். நம்மில் பலரும் அப்படித்தான் செய்வோம். ஆனால் தராசுக் கணக்கின்படி இடக்காலை ஊன்றும்போது சாய்வது வலப்பக்கம். தாங்கல் தேவைப்படுவதும் வலப்பக்கம். மேலும் வலக்கை, இட இடுப்பு மூட்டிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. தூரம் கூடினால் சிறு பலமும் பெரும் பலன் தரும். கடப்பாரையை நுனியில் பிடித்து நெம்புவது போல.

"அத்தை, கம்பைக் கை மாத்திப் பிடிச்சுப் பாருங்க" என்றேன்.

"ஏஞ்சாமி, நல்ல பக்கத்துக்கு எதுக்குக் கம்பு?" என்றார். ஆனாலும் மாற்றிப் பிடித்தார். இடக்காலும் வலக்கைக் கம்பும் ஒன்றாக முன்னே போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். திண்ணையிலிருந்து வேப்பமரம்வரை போனார், திரும்பி வந்தார். சாய்வு முழுவதும் போகவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருந்தது. என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம் என்று அடுத்த வாரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். இயன்முறை மருத்துவரும் வலக்கையில்தான் பிடிக்க வேண்டும் என்றார். கைப்பிடியின் உயரம் பெரிய ட்ரோகாண்டர் அளவுக்கு இருக்க வேண்டும் என்று சொல்லிக் கம்பை நான்கு விரல் குறைக்கச் சொன்னார். மூட்டு வலிக்கு இது நல்லது என்றும் சொன்னார். வழி நெடுக அத்தை ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "நாப்பது வருசமாத் தப்பான கையிலயா பிடிச்சிருந்தேன்? யாரும் ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார்.

இந்தியாவில் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் நாடெங்கும் 1995இல் தொடங்கின. 2011 சனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டதே இயற்கைப் போலியோ வைரஸால் நம் நாட்டில் நேர்ந்த கடைசிப் பாதிப்பு. 2014 மார்ச்சு 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது. நோய் போய்விட்டது, ஆனால் அது வந்து போனவர்கள் நம் தெருக்களில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்கள். நண்பர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ சாய்ந்து நடப்பவர் யாரேனும் இருந்தால், அவர் கம்பு எந்தக் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு வார்த்தை சொல்லி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இந்த ஆண்டு மலர் கைக்கு வந்ததும் அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆகவே என்னையே படித்துக் காட்டச் சொல்வார். சோற்றுத் தூக்கோடு அவர் பள்ளிக்கு வந்த நாளைப் பற்றிய பத்தி வரும்போது, அதை விட்டுவிடாமல் நான் படிக்க வேண்டும்.